கரை தாண்டிய கடுதாசி

மூதூர் டிஸ்பென்சரியில் அப்பா இருந்த அறையின் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட கடுதாசி ஒன்று தொங்கும். கொழும்பில் படித்து அப்போதிக்கரியாகத் தேறியதற்கான சான்றிதழ் அது. அவரிடம் மருந்துக்கு வந்தவர்கள் யாரும் அதை வாசித்ததில்லை. வயல்காரருக்கும் தோணிக்காரருக்கும் அவர் ‘டொக்டர் ஐயா’. தன்னால் ஏலாத நோயாளியை ஒரு துண்டு எழுதிக் கொடுத்து, லோஞ்சில் ஏற்றித் திருகோணமலைக்கு அனுப்புவார். கொட்டியாரக்குடாவைக் கடக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். லோஞ்ச் இறங்குதுறையைத் தொட்டதும் அப்பாவின் கடுதாசிக்கு மதிப்புக் குறைந்துவிடும். அங்கே எம்.பி.பி.எஸ். வைத்தியர்கள் இருந்தார்கள். முப்பது வருட அனுபவம் உள்ள அப்போதிக்கரியும், நேற்றுத் தேறி வந்த பட்டதாரிக்கு முன்னால் எழுந்து நிற்க வேண்டும். நோயாளியோடு துணைக்குப் போய் வரும் நாட்களில் அப்பா அதிகம் கதைக்க மாட்டார்.

படித்த படிப்பு ஒன்றுதான், கரை மாறினால் அதன் விலை மாறும் என்பதை நான் முதலில் கண்டது அந்த ஒரு மணி நேரக் கடலில்தான். பிறகு என்னுடைய கடுதாசியைக் கொண்டு இரண்டு கடல் தாண்டினேன். ஓய்வு பெற்றுத் திருகோணமலை உவர்மலைக்குத் திரும்பி வந்திருக்கும் இந்த வயதில், எங்கள் கரைக்கு வந்த வைத்தியர்களையும் இங்கிருந்து போன வைத்தியர்களையும் சேர்த்து வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

வந்தவர்கள் முதலில். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்தார்கள். அன்றிலிருந்து 1957 ஒக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்படும் வரை, கப்பலோடு கப்பலாக ஆங்கில வைத்தியர்களும் வந்துகொண்டே இருந்தார்கள். இங்கே வைத்தியம் பார்ப்பதற்கு அவர்கள் எந்தச் சோதனையும் எழுதவில்லை. அவர்களுடைய கடுதாசி கொடியோடு சேர்ந்து வந்தது. ஆனால் இந்த மண்ணின் நோய்கள் அவர்களுக்குப் புதியவை. காய்ச்சலும் கொலராவும் சிப்பாய்களையும் மாலுமிகளையும் வாரிக்கொண்டு போயின. திருகோணமலையின் பழைய ஆங்கிலேயர் மயானத்தில் ரியர் அட்மிரல் சார்ல்ஸ் ஒஸ்டின் புதைக்கப்பட்டிருக்கிறார். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி அவர். 1852 ஒக்டோபரில் பர்மாப் போரின்போது ஐராவதி ஆற்றில் கொலராவால் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். ஒரு கடற்படைத் தளபதிக்கே அந்த நாளில் வைத்தியம் உதவவில்லை. சிறுவயதில் அந்த மதிலோரமாகப் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறேன். உள்ளே கிடப்பவர் யார் என்று அறிந்தது லண்டனில், ஒரு முதிய நோயாளி சொல்லித்தான்.

இலங்கைக்கு வந்தவர்களில் ஒருவர் மட்டும் வேறு விதமானவர். சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரைச் சேர்ந்தவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த வருடம் மானிப்பாயில் வைத்தியம் தொடங்கினார். அவருக்கும் யாரும் சோதனை வைக்கவில்லை. அவர் தனக்குத் தானே ஒரு சோதனை வைத்துக்கொண்டார். தமிழ் படித்தார். நோயாளியின் பேச்சைப் பிடிக்கும் அளவோடு நில்லாமல், மருத்துவ நூல்களையே தமிழில் கொண்டுவரும் அளவுக்குப் படித்தார். உடற்கூற்றுக்கு அங்காதிபாதம், மகப்பேற்றுக்குப் பிரசவ வைத்தியம், அறுவைக்கு இரண வைத்தியம், இரசாயனத்துக்குக் கெமிஸ்தம் என்று வரிசையாக நூல்கள் வந்தன.

அவர் தமிழுக்குப் போனதன் காரணத்தை இன்று நினைத்தால் மனம் கனக்கிறது. ஆரம்பத்தில் அவர் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். படித்து முடித்த இளைஞர்கள் நல்ல சம்பளம் தேடி அரசாங்க வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். கிராமங்களில் வைத்தியர் இல்லை. தமிழில் கற்றால் தமிழ்ச் சனத்தோடு இருப்பார்கள் என்று நம்பி, 1860களில் தமிழ் வழி வகுப்பைத் தொடங்கினார். 1873இல் சொந்த ஊருக்குத் திரும்பினார், 1884இல் காலமானார். தமிழருக்கான மருத்துவ ஊழியன் என்று அவருடைய கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். படித்த வைத்தியர் ஊரை விட்டுப் போகிறாரே என்ற கவலைக்கு எங்கள் மண்ணில் நூற்றைம்பது வயதுக்கு மேல். அந்தக் கவலையை அன்றே பட்டவர் தானே கடல் கடந்து வந்த ஒரு வைத்தியர்.

கொழும்பில் 1870இல் மருத்துவப் பள்ளி திறந்தது. 1880களின் முடிவில் அதன் சான்றிதழைப் பிரித்தானியப் பொது மருத்துவக் கவுன்சில் ஏற்றுக்கொண்டது. இலங்கையில் படித்தவர் லண்டனில் வைத்தியம் பார்க்கலாம் என்றானது. பேரரசு முழுவதற்கும் ஒரே அச்சில் வார்த்த வைத்தியர்கள் தேவைப்பட்டார்கள், அதனால் கதவு திறந்தது. 1948இல் பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை தொடங்கியதும் அந்தத் தேவை பெருகியது. 1960களில் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை வைத்தியர்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். உள்ளூர்ப் பட்டதாரிகள் விரும்பாத இடங்களே அவர்களுக்குக் கிடைத்தன. வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கப் பள்ளத்தாக்குகளில் குடும்ப வைத்தியராக இருந்தவர்களில் பலர் தெற்காசியர். முதியோர் மருத்துவம், மனநோய் மருத்துவம் என்ற இரண்டு துறைகளும் பெருமளவுக்கு அவர்கள் தோளில்தான் வளர்ந்தன.

தேவைக்குத் திறந்த கதவு, தேவை குறைந்ததும் மெல்லச் சாத்தப்பட்டது. 1975இல் வெளிநாட்டு வைத்தியர்களுக்கான மருத்துவ, மொழிச் சோதனை வந்தது. அதுவே பிறகு ‘பிளாப்’ என்ற பெயரில் நிலைத்தது. 1985இல் இரண்டு காரியங்கள் சேர்ந்து நடந்தன. வேலை அனுமதி இல்லாமலே வெளிநாட்டு வைத்தியர் போய்ப் பணி செய்யலாம் என்ற பழைய சலுகை அந்த வருடம் முடிந்தது. தமிழர்கள் அடைக்கலம் தேடிப் போய்க்கொண்டிருந்த அதே வருடம், இலங்கையருக்கு விசா கட்டாயமாக்கப்பட்டது.

இது எங்கள் நிறத்தை மட்டும் பார்த்து வந்த வழக்கம் என்று ஒரு காலம் நினைத்திருந்தேன். வரலாறு வாசித்த பிறகு அந்த எண்ணம் மாறியது. ஹிட்லருக்குத் தப்பி வந்த யூத வைத்தியர்களுக்கும் இதே கதவுதான். 1938இல் ஒஸ்திரியாவிலிருந்து 50 வைத்தியர்களுக்கு மேல் எடுக்க பிரித்தானிய மருத்துவர் சங்கம் சம்மதிக்கவில்லை. பெரிய பேராசிரியர்களும் மீண்டும் மாணவராகி வாட்டில் நின்றார்கள். போர் முற்றி வைத்தியர் பற்றாக்குறை வந்ததும், 1941இல் அவர்களுக்குத் தற்காலிகப் பதிவு கிடைத்தது. 1939இல் அகதியாக வந்த லுட்விக் குட்மன், 1944இல் ஸ்ரோக் மன்டவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டு முறிந்த சிப்பாய்களுக்கு ஒரு பிரிவு தொடங்கினார். அதுவரை படுக்கையில் கிடந்து புண் பிடித்துச் சாவதே அந்த நோயாளிகளின் விதியாக இருந்தது. அவர்களை எழுப்பி இருத்தி, பந்தும் வில்லும் கையில் கொடுத்தார். பாராலிம்பிக் போட்டிகள் பிறந்தது அங்கேதான். கதவு மூடியே இருந்திருந்தால் அந்தச் சிப்பாய்களின் கதி என்ன?

இனி என் கதை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978இல் மருத்துவ பீடம் தொடங்கியது. அதன் தொடக்க காலத்து மாணவர்களில் நான் ஒருவன். தேறி வந்து திருகோணமலையில் வேலை பார்த்தேன். அந்த நாட்களில் வாட்டில் செய்த ஒரு வேலையை இங்கே சொல்ல வேண்டும்.

அறுவடைக் காலத்தில் தம்பலகாமம் பக்கமிருந்து பாம்பு கடித்தவர்களைக் கொண்டுவருவார்கள். பாம்பை அடித்துச் சாக்கில் போட்டுக் கொண்டுவருபவரும் உண்டு, இருட்டில் எதையும் காணாதவரும் உண்டு. கடித்தது கண்ணாடி விரியனா என்று அறிய எங்களிடம் பெரிய கருவி இல்லை. நோயாளியின் நாளத்திலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு, அசையாமல் நிறுத்தி வைப்போம். இருபது நிமிடம். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நிற்போம். குழாயை மெல்லச் சரித்தால் நல்ல இரத்தம் உறைந்து அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். விஷம் ஏறிய இரத்தம் தண்ணீர் போல வழிந்து ஓடும். ஓடினால் உடனே இந்தியாவிலிருந்து வரும் விஷமுறி மருந்தை ஏற்ற வேண்டும். அந்த மருந்தே சிலருக்கு ஒவ்வாமையாகி உயிருக்கு உலை வைக்கும் என்பதால், அட்ரினலின் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். கண்ணாடிக் குழாய் முக்கியம். பிளாஸ்ரிக்கில் விட்டால் நல்ல இரத்தமும் உறையாது, தவறான முடிவுக்குப் போய்விடுவோம். இதை எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு மூத்த தாதி. அந்தக் குழாயைச் சரிக்கும் கை இன்றும் என்னிடம் இருக்கிறது.

1987 ஒக்டோபர் 21ஆம் திகதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படையினர் நுழைந்து சுட்டார்கள். நோயாளிகளும் ஊழியர்களுமாக 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் மூன்று வைத்தியர்களும் இருந்தார்கள். நான் படித்த வாட்டுகள் அவை. 1990 ஜூனில் மீண்டும் சண்டை மூண்டபோது திருகோணமலைத் தமிழர் ஊர் ஊராக வெளியேறினார்கள். நானும் வெளிக்கிட்டேன். என் பட்டச் சான்றிதழைச் சுருட்டி, தண்ணீர் பைப்புக்குப் பாவிக்கும் பிளாஸ்ரிக் குழாய் ஒன்றுக்குள் விட்டு, இரண்டு முனையையும் மெழுகுதிரி உருக்கி அடைத்தார் அம்மா. “தம்பி, உடுப்பு நனைஞ்சால் காயும். இது நனையக் கூடாது” என்றார். மன்னார்க் கரையில் ஏறிய படகு இரவோடு இரவாகத் தனுஷ்கோடிப் பக்கத்து மணல் திட்டில் எங்களை இறக்கிவிட்டது.

மண்டபம் முகாமில் பெயர் பதிந்தார்கள். அந்த முகாமுக்கு ஒரு பழங்கதை உண்டு. தோட்ட வேலைக்கு இலங்கை போகும் தொழிலாளரைத் தடுத்து வைத்து, அம்மையும் கொலராவும் உண்டா என்று பரிசோதிக்க இலங்கை அரசாங்கம் நடத்திய இடம் அது. இலங்கைக்காக வைத்தியம் நடந்த அதே வளவில், இலங்கை வைத்தியனான எனக்கு மருந்து எழுத உரிமை இல்லை. இந்தியப் பதிவு என்னிடம் இல்லை. மொழி ஒன்றுதான், நோயும் ஒன்றுதான். பக்கத்துக் குடிசை ஆச்சி பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து, “நீ டொக்டர்தானே தம்பி, ஒருக்காப் பாரன்” என்றார். பிள்ளையின் கண் குழி விழுந்திருந்தது, வயிற்றுத் தோலைக் கிள்ளினால் மடிப்பு உடனே விரியவில்லை. உப்பும் சீனியும் எவ்வளவு கலக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, முகாம் வைத்தியரிடம் ஓடச் சொன்னேன். பிள்ளை பிழைத்தது.

அடுத்த வருடம் லண்டன். அடைக்கலம் கேட்டு, வேலை செய்ய அனுமதி வந்ததும் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காசு வாங்கிக்கொண்டே மருந்தியல் புத்தகம் வாசித்தேன். அந்த நாட்களில் லண்டன் பெற்றோல் நிலையங்களில் எங்கள் பொறியியலாளரும் ஆசிரியரும் வைத்தியரும் இருந்தார்கள். சிலர் அங்கேயே நின்றுவிட்டார்கள். பிள்ளைகளின் படிப்புக்கும், ஊரில் இருப்பவர்களை எடுப்பதற்கும் மாதம் மாதம் காசு வேண்டும். சோதனைக்குப் படிக்க இரண்டு வருடம் ஒதுக்க அவர்களுக்கு வழி இல்லை. அவர்களில் என்னைவிடக் கெட்டிக்காரர் இருந்தார்கள் என்பதை எழுதி வைக்க வேண்டியது என் கடமை.

பிளாப் சோதனையில் மருத்துவம் எனக்குச் சிரமம் தரவில்லை. பேச்சு ஆங்கிலம்தான் விழுத்தியது. ஒலிநாடாவில் கேட்டுப் பழகும்போது, ஒரு கிழவர் தான் இரவில் நாலைந்து தரம் எழும்பி ஒரு பென்னி செலவழிக்கப் போவதாகச் சொன்னார். அவருக்குக் காசுக் கவலை என்று குறித்துக்கொண்டேன். சிறுநீர் கழிக்கப் போவதை அவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். புரஸ்டேட் வீங்கிய ஒரு நோயாளியை அந்த ஒரு சொல்லில் தவறவிட்டிருப்பேன். அன்றிரவு கிறீனை நினைத்துக்கொண்டேன். “வயித்தால போகுது ஐயா” என்று ஒரு மானிப்பாய்க்காரர் சொன்னபோது, அந்த அமெரிக்கர் என்ன நினைத்திருப்பார்? அகராதியில் வயிறு இருக்கும், போவது இருக்கும், பேதி இருக்காது. மொழிச் சோதனை அநியாயம் என்று அதன் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை. நோயாளியின் சொல் விளங்காதவனிடம் நோயாளியை ஒப்படைக்கக் கூடாது.

அநியாயம் வேறு இடத்தில் இருந்தது. இரண்டாம் தரம் எழுதித் தேறினேன். கிடைத்தது வரையறுத்த பதிவு. ஐந்து வருடத்துக்கு மேற்படாத காலம், மேலே ஒருவர் பார்த்திருக்க, வைத்தியசாலையில் மட்டும் பணி செய்யலாம். அந்த வேலைக்கும் முன், சம்பளமில்லாமல் ஒரு வாட்டில் பின்னால் நின்று பார்க்க வேண்டும். விண்ணப்பங்கள் பதிலில்லாமல் போயின. ஒரு வைத்தியசாலையில் என் பெயரை உச்சரிக்க முடியவில்லை என்று சொல்லியே கோப்பை ஒதுக்கி வைத்தார்கள். இது என் மனப்பிரமையோ என்று குழம்பியிருந்த நாட்களில், 1993இல் அனீஸ் எஸ்மெயில், சாம் எவரிங்டன் என்ற இரு வைத்தியர்களின் ஆய்வு வெளியானது. ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை ஆங்கிலப் பெயரிலும் ஆசியப் பெயரிலும் சோடி சோடியாக அனுப்பியிருந்தார்கள். எல்லாரும் பிரித்தானியாவில் படித்தவர்கள் என்றே அவற்றில் எழுதியிருந்தது. ஆங்கிலப் பெயருக்கு நேர்முக அழைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மோசடி என்று சொல்லி அந்த இருவரையும் பொலிசார் பிடித்து விசாரித்தார்கள். அந்தக் கட்டுரையைப் பிரதி எடுத்து மடித்து, அம்மா தந்த குழாய்க்குள்ளேயே வைத்தேன்.

கடைசியில் எனக்கு இடம் தந்தது முதியோர் வாட்டு. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள், குளிரில் உடம்பு விறைத்துக் கிடந்து கொண்டுவரப்பட்டவர்கள், பிள்ளைகள் வராதவர்கள். அந்தத் துறையை நான் தேடிப் போகவில்லை. ஆனால் அங்கேதான் மீண்டும் வைத்தியனானேன். இருபது நிமிடம் அசையாமல் நின்று இரத்தத்தைப் பார்க்கப் பழகியவனுக்கு, பேச்சிழந்த ஒரு முதியவர் வாய் திறக்கும் வரை பக்கத்தில் இருக்கப் பொறுமை இருந்தது. கடுதாசியைக் கழற்றி வைத்த பிறகும் திருகோணமலை வாட்டு எனக்குள் வேலை செய்துகொண்டிருந்தது.

ஊர் எனக்குப் பிறகும் வைத்தியர்களை இழந்தது. 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவரின் தந்தை வைத்தியர் காசிப்பிள்ளை மனோகரன். மகனுக்கு நீதி கேட்டு வாய் திறந்ததால் அச்சுறுத்தப்பட்டு, நாட்டை விட்டே போக நேர்ந்தது. வசதி தேடிப் போனவர்கள் என்று எல்லா வைத்தியரையும் ஒரே வாயில் சொல்பவர்கள் அந்தக் கடற்கரையில் ஒருதரம் நின்று பார்க்க வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஆயிரத்துக்கு மேற்பட்ட வைத்தியர்கள் இலங்கையை விட்டுப் போனார்கள். இன்று பிரித்தானியப் பதிவேட்டில் உள்ள வைத்தியர்களில் ஐந்தில் இருவர் அளவில் வெளிநாட்டில் படித்தவர்கள். தேவை வந்தது, கதவும் திறந்தது. மூதூரிலும் குச்சவெளியிலும் வரிசை நீள்கிறது.

என் தங்கச்சியின் மகன் ரஷ்யாவில் ஆறு வருடம் மருத்துவம் படித்துத் திரும்பியிருக்கிறான். இங்கே அவன் இலங்கை மருத்துவக் கவுன்சிலின் ஈ.ஆர்.பி.எம். சோதனையில் தேற வேண்டும். எங்கள் காலத்தில் அதன் பெயர் ‘அக்ட் சிக்ஸ்டீன்’. எழுத்து, வாய்மொழி, நோயாளியைப் பரிசோதித்தல் என்று பகுதி பகுதியாகத் தாண்டினால்தான் உள்ளகப் பயிற்சி. வருடக்கணக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவனும் இப்போது கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறான். லண்டனில் எனக்கு நடந்ததை அநியாயம் என்று நான் சொல்வேனானால், சொந்த ஊரில் இவனுக்கு நடப்பதைப் பார்த்து வாயை மூடியிருக்க முடியாது. சோதனை வேண்டும். அது நோயாளியைக் காக்கிறது. ஆனால் காத்திருக்கும் வருடங்களில் அவனை வாட்டுக்குள் விட வேண்டும், மூத்த வைத்தியருக்குப் பின்னால் நின்று பார்க்கவும் கற்கவும் அங்கீகரித்த இடம் தர வேண்டும். கை வேலை மறந்துபோன பிறகு சோதனை வைத்து, கை தெரியவில்லை என்று திருப்பி அனுப்புவதில் யாருக்கும் நன்மை இல்லை. நோயாளிக்கும் இல்லை.

கிழமைக்கு மூன்று பின்னேரம் அவன் என்னிடம் வருகிறான். போன கிழமை மேசையில் ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு பிளாஸ்ரிக் குழாயும் வைத்து, எதை எடுப்பாய் என்று கேட்டேன். அவன் படித்த நகரத்தில் விரியன் கடித்து வந்த ஒருவரையும் கண்டதில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கண்ணாடிக் குழாயை எடுத்தான். “ஏன்?” என்றேன். காரணத்தைச் சரியாகச் சொன்னான். “எத்தனை நிமிடம்?”

“இருபது, மாமா” என்று சொல்லி, குழாயை நிமிர்த்தி வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தான்.